ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு வெட்கம் என்பதே கிடையாது. அவள் எங்களோடு இருந்தபோதும் இதைச் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்டுவிடுவாள். பெங்களூரில் அல்சூர் கடைவீதியில் முன்பின் தெரியாத தையல்காரரிடம் போய், "அண்ணா, உங்க ப்ளக்குல ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்பாள். அவர் போனுக்கு என்று நினைத்துத் தலையாட்டுவார். இவள் போய்க் காரைக் கொண்டுவந்து நிறுத்துவாள்.

சின்னவள் என்றால் என் கணவருடைய தம்பி மனைவி. நான் மூத்த மருமகள். ஜோகுபாளையத்தில் மாமனார் அரசாங்க வேலையில் இருந்தபோது கட்டிய வீட்டில் கீழ்ப்பகுதி எங்களுக்கு, மாடி அவர்களுக்கு. மாமனார் கீழே எங்களோடு. சின்னவளின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவளுக்கு அனுப்பிவைப்பார்கள். உடனே போன் போட்டு, "ஏன்க்கா, என் போட்டோவையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்ல?" என்று கேட்பாள். அவளும் கொழுந்தனாரும் கோயமுத்தூர் போய் மூன்று வருஷமாகிறது.

ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் மாத்திரை தயாரிக்கிற ஒரு கம்பெனியில் அவளுக்குச் சோதனைக்கூட வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவள் ஒரு சனிக்கிழமை காலை காரில் வந்து நின்றாள். யாரோ ஐந்து வருஷம் ஓட்டிவிட்டு விற்ற எலெக்ட்ரிக் கார். இரண்டே கதவு, பிஸ்தா பச்சை. நான் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கார் வந்து நின்றதே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. "அக்கா, ஸ்வல்ப ஜாக கொடி" என்று, கொஞ்சம் வழிவிடச் சொல்லிக் கன்னடத்தில் குரல் கேட்டுத்தான் திரும்பினேன். என் கணவர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "இது காரா, தயிர் டப்பாவா?" என்றார். நானும் சிரித்தேன். கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன், ஏனென்றால் அதற்குள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டிருந்தேன். காலடியில் இரண்டே பெடல். கிளட்ச் இல்லை. கியர் இல்லை. எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அந்த நிமிஷத்தில்தான்.

காரணம் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான மறுவருஷம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவள் நான். அந்த வாரமே என் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவருடைய பெட்ரோல் காரைப் பழைய மெட்ராஸ் ரோட்டில் ஓட்டிப் போனேன். சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி நின்றுபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன், மறுபடி நின்றது. பின்னால் ஒரு பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "இறங்கு" என்றார் என் கணவர். நடுரோட்டில் இறங்கி, அத்தனை பேர் பார்க்க, காரைச் சுற்றி நடந்துபோய் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். பதினேழு வருஷமாக இடது பக்கம்தான். லைசென்ஸ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அது காலாவதியாகாமல் மட்டும் பார்த்துக்கொள்வேன்.

அந்தத் தயிர் டப்பாவை ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். பெரிய ஆசையெல்லாம் இல்லை. எங்கள் தெருமுனையிலிருந்து அல்சூர் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தால் போதும். கேட்டிருந்தால் சின்னவள் சாவியைத் தூக்கிக் கொடுத்திருப்பாள். ஆனால் நான் கேட்கிற ஜாதி இல்லை. வேண்டுமென்று முகத்தில் காட்டுவேன், அடுத்தவர்களாகப் புரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மனசுக்குள் எழுதிவைத்துக்கொள்வேன்.

கார் வந்த அன்றைக்கே அவள் மாமனாரிடம் போய் நின்றாள். வாசலுக்கு உள்ளே, தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குக் கீழே ஒரு பெரிய ப்ளக் இருந்தது. அந்த இடத்தில் ஒரு கார்தான் நிற்கும், எப்போதும் என் கணவருடைய கார்தான் நின்றது.

"மாமா, என் வண்டியை உள்ள விட்டுக்கட்டுமா? வயர் ரோடு வரைக்கும் எட்டாது."

"அதுக்கென்னம்மா. ப்ளக் எங்க இருக்கோ அங்கதானே வண்டி இருக்கணும்."

முடிந்தது. என் கணவரின் கார் தெருவில் புங்க மரத்தடிக்குப் போனது, தினமும் காலையில் காக்கை எச்சத்தைக் கழுவுகிற வேலை எனக்கு வந்தது. இடம் போனதுகூடப் பரவாயில்லை. இரண்டு வார்த்தையில் போயிற்றே, அதுதான் தாங்கவில்லை. என் சமையலறையில் பாத்திரம் கழுவ இன்னொரு குழாய் வேண்டுமென்று எத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் கண்ணில் படுகிற மாதிரி குடத்தைத் தூக்கித் தூக்கி வைத்தேன், அவர் பேப்பரைவிட்டு நிமிரவில்லை. சின்னவள் மாடிக்கு ஒரு குழாய் கேட்டாள். "அப்படியே கீழ அக்காவுக்கும் ஒண்ணு போட்டுடுங்க மாமா" என்றாள். மறுநாளே ப்ளம்பர் வந்துவிட்டார். அந்தக் குழாயை இன்றைக்கும் திறக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது.

கேட்பது அவளுக்குப் பழகிப்போயிருந்ததற்கு அந்த வண்டியும் ஒரு காரணம். பழைய பேட்டரி. ஹெப்பகோடிக்குப் போனால், அங்கே சார்ஜ் போடாமல் திரும்பி வர முடியாது. கம்பெனி செக்யூரிட்டிக்காரரிடம் கேட்டு அவருடைய அறை ஜன்னல் வழியாக வயரை விட்டுக்கொண்டாள். ஏசி போட்டால் சார்ஜ் குறையும், மேம்பாலம் ஏறினால் குறையும், மழையில் வைப்பர் ஓடினால் குறையும். அவளுக்குப் பேச்சே பர்சன்ட் கணக்கில்தான். மார்க்கெட்டுக்கு வருகிறாயா என்றால், "அறுபத்தி ரெண்டு இருக்கு, தாராளமா போலாம்க்கா" என்பாள். காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "இருபதுதான் இருக்கு" என்றாள்.

ஹாரன் அடிக்கமாட்டாள். சத்தமில்லாத வண்டி என்பதால் முன்னால் போகிறவர்களுக்குத் தெரியாது. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, "அண்ணா, ஸ்வல்ப ஜாக கொடி" என்று கேட்பாள். மாட்டிடம்கூட அப்படித்தான் கேட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லோரும் நகர்ந்தார்கள், மாடும் நகர்ந்தது.

ஒருமுறை ஓசூர் ரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு அவளும் நானும் மட்டும் போனோம். போகும்போதே டிராஃபிக்கில் நின்று நின்று சார்ஜ் பதினொன்றுக்கு வந்துவிட்டது. மண்டபத்தில் இறங்கியதும் நேராகச் சமையல்கட்டுக்குப் போனாள். மாவரைத்து முடித்து ஓய்ந்திருந்த கிரைண்டரின் ப்ளக்கைத் தலைமைச் சமையல்காரரிடம் கேட்டு வாங்கி, காரைப் பின்பக்கம் கொண்டுபோய்ச் சொருகினாள். நான் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன். முகூர்த்தம் முடிந்து தேடிப் போனால், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நாலு பெண்களோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். கிளம்பும்போது தலைமைச் சமையல்காரர் வாசல்வரை வந்து ஒரு பெரிய பார்சல் கொடுத்தார். "உங்க தங்கச்சி தங்கமான பொண்ணும்மா" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கல்யாணத்துக்கு நானும்தான் வந்திருந்தேன், எனக்கு ஒரு தாம்பூலப் பைகூட யாரும் கொடுக்கவில்லை.

"உனக்குக் கூச்சமாவே இருக்காதாடி?" என்று திரும்பும்போது கேட்டேன்.

"கேட்டா என்னக்கா? இல்லேன்னா இல்லேம்பாங்க. அவ்வளவுதானே?"

இதை அவள் அடிக்கடி சொல்வாள். அவ்வளவுதானே என்று அவள் சொல்கிற இடத்தில்தான் எனக்கு உயிர் போகும். ஒருவர் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எப்படிச் சோறு இறங்கும்?

என்னை முன்சீட்டில்தான் உட்காரவைப்பாள். பின்னால் போவதானால் முன்சீட்டை மடக்கிவிட்டு நுழைய வேண்டும், அதற்கு என் கணவரைத்தான் அனுப்புவாள். அவர் குனிந்து நெளிந்து நுழைவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த ஒரு விஷயத்துக்காக அவளை மன்னித்துவிடலாம் என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் எங்கோ போய்விட்டு வந்தபோது, ஏரிப் பக்கம் ரோடு காலியாக இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கில்ல? ஓட்டிப் பாக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து என் கணவர், "இவளா? வண்டியை ஏரிக்குள்ள விட்டுட்டுதான் மறுவேலை பாப்பா" என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்து, "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்றேன். சின்னவள் சிரிக்கவில்லை.

"சரிக்கா. எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்றாள்.

கேளுங்க. அதைத்தானே என்னால் செய்ய முடியாது. இன்னும் ஒரே ஒருமுறை அவளாகக் கூப்பிட்டிருந்தால் ஏறி உட்கார்ந்திருப்பேன். அவள் கூப்பிடவில்லை. நான் கேட்பேன் என்று அவள் காத்திருந்தாள், அவள் கூப்பிடுவாள் என்று நான் காத்திருந்தேன். இப்படியே ஒன்றரை வருஷம் போனது.

இனி ஆயுத பூஜை. பெங்களூரில் அன்றைக்குத் தெருவைப் பார்க்க வேண்டும். லாரியிலிருந்து பிள்ளைகளின் சைக்கிள்வரை எல்லாவற்றுக்கும் வாழைக்கன்றும் மாலையும் கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நிறுத்தியிருப்பார்கள். எங்கள் வீட்டில் பூசணிக்காய் உடைப்பது மாமனார். சந்தனப் பொட்டு வைப்பது மூத்த மருமகள். பானெட், ஸ்டியரிங், நாலு சக்கரம், கடைசியாகப் பெட்ரோல் டேங்க் மூடி. வண்டி சாப்பிடுகிற வாய்க்குப் பொட்டு இல்லாமல் பூஜை நிறையாது என்பது மாமனார் வைத்த வழக்கம். சின்னவளின் காருக்கு வாய் என்பது சார்ஜ் போடுகிற இடம். முதல் வருஷம் நான் தட்டோடு போனபோது பக்கத்தில் வந்து நின்று காட்டிக்கொடுத்தாள். வெளியே ஒரு மூடி, அதைத் திறந்தால் உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் மூடி. "அக்கா, வெளி மூடி மேல மட்டும் வைங்க. இந்த ரப்பரை எடுத்துடாதீங்க. உள்ள ஈரம் போச்சுன்னா வண்டி சார்ஜே ஏத்துக்காது." தெளிவாகச் சொன்னாள். நானும் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வருஷம். காலையில் எல்லோரும் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். சின்னவள் சர்ரென்று ரிவர்ஸ் எடுத்து, இரண்டு தூணுக்கும் நடுவில் ஒரே முயற்சியில் காரை நிறுத்தினாள். என் கணவர் கையிலிருந்த ஹோஸ் பைப்பைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, மாமனார், கொழுந்தனார், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்க, "பாத்துக்கோ. நீயும்தான் லைசென்ஸ் வெச்சிருக்கே, பீரோவுல தூங்குது" என்றார்.

நடுரோட்டில் இறங்கு என்று சொன்ன அதே வாய். கோபம் அவர்மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு நேராக அந்தப் பிஸ்தா பச்சைதான் கண்ணில் பட்டது.

எல்லோரும் பூசணிக்காயில் சூடம் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டோடு காரின் பக்கம் போனேன். வெளி மூடியைத் திறந்தேன். ரப்பர் மூடியை எடுத்தேன். உள்ளே வட்டமாக ஓட்டைகள். மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்குப் பக்தி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். கட்டைவிரலில் சந்தனத்தை வழித்து ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் அழுத்தினேன். குங்குமமும் வைத்தேன். ரப்பர் மூடியைத் திரும்பப் போட்டு, வெளி மூடியைச் சாத்தி, அதன்மேல் அழகாக இன்னொரு பொட்டு வைத்தேன். மாமனார் பூசணிக்காயை ஓங்கி உடைத்தார். எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. சாயங்காலம் அவள் ப்ளக்கைச் சொருகினாள், சிவப்பு விளக்கு எரிந்தது. உருவிச் சொருகினாள், மறுபடி சிவப்பு. அதற்கடுத்த நாள் காலை ஒரு லாரி வந்து, மாலையும் வாழைக்கன்றுமாக இருந்த காரை ஏற்றிக்கொண்டு போனது. தெருவே வேடிக்கை பார்த்தது. சின்னவள் லாரி முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்பது நாள் கார் வரவில்லை. என் கணவருடைய கார் வாசலுக்கு உள்ளே வந்தது. நான் எச்சம் கழுவவில்லை. இரண்டு நாள் அதை அனுபவித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பஸ்ஸில் அவள் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார்கள். இரண்டு பஸ் மாறி ஹெப்பகோடிக்குப் போய்வந்தாள். நாலாம் நாள் நல்ல மழை. தொப்பலாக நனைந்து வந்தவள் மாடிக்குப் போகாமல் என் சமையலறை வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒரு காபி குடுப்பீங்களா?"

கொடுத்தேன். துண்டையும் கொடுத்தேன். அவள் குடித்துக்கொண்டே சொன்னாள், "சர்வீஸ்ல போன் பண்ணாங்க. சார்ஜ் போடற இடத்துல சந்தனம் போயிருக்காம். ஓட்டைக்குள்ளல்லாம் அழுத்தி இருக்காம். அந்தப் பாகத்தையே மாத்தணுமாம்."

உள்ளே இருந்து மாமனார், "பக்தியில வெச்சதும்மா, தெரியாம போயிருக்கும்" என்றார். என் கணவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவள் என்னைப் பார்த்தாள். ரப்பர் மூடியைப் பற்றி அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்கிறவள், இப்போது கேட்கப்போகிறாள் என்று அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன பதில் சொல்வதென்றும் தயாராக வைத்திருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் சக்கரை இருக்காக்கா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். கார் திரும்பி வந்தது. புங்க மரத்தடி எங்களுக்குத் திரும்பியது. முன்சீட்டில் என்னை உட்காரவைப்பதை அவள் நிறுத்தவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்குத் தட்டை நான் அவளிடமே நீட்டினேன். "நீங்கதான் வைக்கணும், நீங்கதானே பெரியவங்க" என்று திருப்பிக் கொடுத்தாள், பக்கத்தில் வந்து நிற்கக்கூட இல்லை. வெளி மூடிமேல் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு கோணலாக விழுந்தது. அவள் ஒருநாளாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்போம்.

கொழுந்தனாருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல் வந்தது. பழைய பேட்டரியோடு அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாதென்று காரை விற்றாள். விற்பதற்கு முந்தின நாள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே என் சமையலறைக்கு வந்தாள்.

"அக்கா, நாளைக்கு வண்டி போகுது. ஏதாவது கேட்கணுமா?"

"எனக்கென்ன கேட்கணும். நல்லபடியா போய்ச் சேருங்க" என்றேன், அந்தக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு. அவள் மாடிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு இருந்த சார்ஜுக்கு ஏரியை நாலு சுற்று வந்திருக்கலாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மாமனார் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், என் கணவர் வேலைக்குப் போயிருக்கிறார். வாசலில் சத்தம் எதுவும் கேட்கவில்லை, யாரோ கூப்பிட்டுத்தான் போய்ப் பார்த்தேன். பிஸ்தா பச்சை நின்றது. பக்கத்தில் இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி, கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"ஆண்ட்டி, நான் மர்பி டவுன்ல இருக்கேன். மூணு பர்சன்ட்தான் இருக்கு, வீடு வரைக்கும் போகாது. உங்க ப்ளக்குல ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுக்கட்டுமா? வண்டி குடுத்தவங்க இந்த வீட்டுல கேட்கச் சொன்னாங்க."

காகிதத்தைக் காட்டினாள். சின்னவளின் கையெழுத்து. ஊர் முழுக்க அவளுக்கு ப்ளக் கொடுத்தவர்களின் பட்டியல். தையல்காரர், செக்யூரிட்டிக்காரர், மண்டபத்துச் சமையல்காரர், இன்னும் எனக்குத் தெரியாத பத்துப் பதினைந்து பேர். யாரிடம் எந்த நேரத்தில் போக வேண்டும், யாருக்கு மூட்டு வலி, யாரை விசாரிக்க வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தாள். ஜோகுபாளையம் என்று போட்ட இடத்தில், "எங்க வீடு. அக்கா இருப்பாங்க. காபியும் கேட்கலாம்" என்று இருந்தது. அடியில் தனியாக ஒரு குறிப்பு: "ஆயுத பூஜைக்கு ரப்பர் மூடிக்குள் பொட்டு வைக்க வேண்டாம். வீட்டில் ஒருமுறை தெரியாமல் வைத்துவிட்டார்கள்."

தெரியாமல். என் காது இரண்டும் சுட்டது. என் கணவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்ததால் வாசலுக்குள் இடம் இருந்தது. காரை உள்ளே விடச் சொல்லி நானே ப்ளக்கைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்தப் பெண் கதவைச் சாத்தப் போனாள். உள்ளே அந்த இரண்டு பெடல் தெரிந்தது.

"நான் ஒண்ணு கேட்கட்டுமா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "சார்ஜ் ஏறினப்புறம், நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா? லைசென்ஸ் இருக்கு. ஏரி வரைக்கும் போதும்."

அவள் சங்கடமாக நெளிந்தாள். "அய்யோ ஆண்ட்டி, தப்பா நினைக்காதீங்க. அப்பா பேர்ல இருக்கு வண்டி, யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. முடியாது ஆண்ட்டி."

"சரிம்மா" என்றேன். உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தேன். பால் பொங்கியது, டிகாஷன் இறங்கியது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லியாகிவிட்டது, நான் சர்க்கரை போட்டு ஆற்றிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டா இத்தனை வருஷம் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன்? அந்தப் பெண்ணுக்குக் காபியைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து சின்னவளுக்குப் போன் போட்டேன்.

"என்னக்கா அதிசயம், நீங்களே பண்றீங்க?"

"உன் வண்டி வந்திருக்குடி."

"எத்தனை பர்சன்ட்?" என்றாள் எடுத்தவுடனே.

"மூணு. சார்ஜ் ஏறுது. நானும் ஒண்ணு கேட்டேன், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமான்னு."

"நெஜமாவாக்கா? என்ன சொன்னா?"

"முடியாதுன்னுட்டா."

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த சூட்டோடு கேட்டுவிட்டேன். "அந்த ஆயுத பூஜை. நான் தெரிஞ்சேதான் வெச்சேன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா."

"அப்புறம் ஏன்டி கேட்கல? ஊரையெல்லாம் கேட்பியே. மாட்டைக்கூடக் கேட்பியே."

"கேட்டிருந்தா மாமா முன்னாடி, அத்தான் முன்னாடி நீங்க பொய் சொல்லியிருப்பீங்க. பொய் சொன்னப்புறம் என் வண்டியில ஏறவே மாட்டீங்க. எனக்கு முன்சீட்டுல நீங்க வேணும்க்கா. யாரும் இல்லாம எனக்கு ஓட்டவே பிடிக்காது."

அவளுடைய காரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வாசல் இடத்துக்கும், குழாய்க்கும், கல்யாண வீட்டுப் பார்சலுக்கும் பொறாமைப்பட்டேன். அன்றைக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு பட்டேனே, அதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. என்னால் இப்படி ஒருத்தியைக் காப்பாற்றியிருக்க முடியுமா? முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் வயரை உருவிச் சுருட்டிப் பின்னால் போட்டுவிட்டு, நன்றி சொல்லி ஏறி உட்கார்ந்தாள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. சார்ஜ் மூடி திறந்தபடியே இருந்தது, ரப்பர் மூடி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இரும்மா" என்று கை காட்டிவிட்டு வாசல்படி இறங்கிப் போனேன். உள்ளே ஓட்டைகள் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தன. சுற்றிலும் இருந்த ஈரத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தேன். ரப்பர் மூடியை வைத்து, அதே கட்டைவிரலால், நன்றாக உட்காருகிறவரை அழுத்தினேன்.